சாவி எங்கே இருக்கிறது?

லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது வழக்கமாக உறக்கநிலைக்குப் போகும். செயலி நிற்கும், திரை அணையும், வட்டு ஓயும். ராம் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். திறந்து வைத்த கோப்புகள், பாதி எழுதிய கடிதம், உலாவியின் தாவல்கள் எல்லாம் அந்த நினைவகத்தில் காத்திருக்கும். ஹைபர்னேஷன் வேறு வகை. அதில் நினைவகத்தில் இருப்பவை வட்டில் எழுதப்பட்டு, அதன் பிறகு மின்சாரம் நிறுத்தப்படும். மறுபடி இயக்கும்போது அந்தப் பிரதி வட்டிலிருந்து நினைவகத்துக்குத் திரும்பும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. வரையறை உறக்கத்தை எஸ்3 என்றும் ஹைபர்னேஷனை எஸ்4 என்றும் குறித்தது.

ஹைபர்னேஷனைப் பலர் பேட்டரி சேமிப்புக்காக மட்டுமே எண்ணிப் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன் பாதுகாப்பில் இருக்கிறது. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்த கணினியில், அந்த வட்டைத் திறக்கும் சாவி இயங்கும் நேரமெல்லாம் ராம் நினைவகத்தில் இருக்கும். சாவி இல்லாமல் இயங்குதளத்தின் மையமான கர்னலால் ஒரு கோப்பைக்கூடப் படிக்க முடியாது என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை. உறக்கநிலையிலும் சாவி அங்கேயே இருக்கிறது. பேருந்திலோ விடுதி அறையிலோ உறங்கும் நிலையில் திருடு போன மடிக்கணினி, தன் சாவியையும் சேர்த்தே திருடனிடம் கொடுத்துவிடுகிறது.

இந்த ஆபத்து கற்பனையானதன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜே. அலெக்ஸ் ஹால்டர்மேனும் குழுவினரும் 2008-ல் இதைச் செய்துகாட்டினார்கள். மின்சாரம் நின்றவுடன் ராம் நினைவகம் வெறுமையாகிவிடும் என்பது அதுவரை பரவலான நம்பிக்கை. உண்மையில் அதன் உள்ளடக்கம் சில வினாடிகள் வரை, சில சில்லுகளில் அதைவிடக் கூடுதல் நேரமும் நீடிக்கிறது. தூசு ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துச் சில்லுகளை மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது, மின்சாரம் இல்லாமல் 10 நிமிடங்கள் கழித்தும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிட்டுகளே சிதைந்திருந்தன. குளிர்ந்த சில்லுகளை வேறு கணினியில் பொருத்தி, அவற்றிலிருந்து சாவியைத் தேடி எடுக்க முடிந்தது. பிட்லாக்கர், ஃபைல்வால்ட், ட்ரூகிரிப்ட், லினக்ஸின் டிஎம்-கிரிப்ட் எல்லாமே இந்தத் தாக்குதலுக்கு வசப்பட்டன. மறையாக்கக் கணிதத்தில் குறை எதுவும் இல்லை. சாவி இருந்த இடம்தான் குறை.

ஹைபர்னேஷனில் நினைவகத்துக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடுவதால், சிறிது நேரத்தில் அங்கிருந்த சாவி கரைந்துபோகிறது. அடுத்த முறை இயக்கும்போது உரியவர் கடவுச்சொல்லைத் தட்டினால்தான் சாவி மறுபடி பிறக்கும். இது சரியாக அமைந்தால் மட்டுமே உண்மை. தவறாக அமைந்தால் ஹைபர்னேஷன் உறக்கநிலையைவிடவும் மோசமான இடத்தில் கொண்டுபோய் விடும்.

வட்டில் எழுதப்படுவது என்ன

லினக்ஸ் கர்னலில் ஹைபர்னேஷனுக்கான நிரல் 2002-ல், 2.5 வளர்ச்சிப் பதிப்புகளின் காலத்தில் சேர்ந்தது. அதை நெடுங்காலம் பேணியவர்களில் பாவெல் மாகெக், ரஃபேல் விசோட்ஸ்கி ஆகியோர் முக்கியமானவர்கள். செயல்முறை இப்படிப் போகும்: முதலில் பயனர் நிரல்கள் அனைத்தும் உறைய வைக்கப்படும். தேவையற்ற தற்காலிகச் சேமிப்புகள் விடுவிக்கப்படும். சாதனங்கள் நிறுத்தப்பட்டு, ஒரே ஒரு செயலிக் கரு மட்டும் இயங்கும் நிலையில், நினைவகத்தின் பிரதி நினைவகத்துக்குள்ளேயே எடுக்கப்படும். அதன் பின் சாதனங்களை மறுபடி எழுப்பி, அந்தப் பிரதியைச் சுருக்கி, நினைவகத்தில் இடம் போதாதபோது பயன்பட வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதியில் எழுதி, கணினி தன்னை அணைத்துக்கொள்ளும்.

பிரதியும் நினைவகத்திலேயே இடம் பிடிப்பதால், அதன் அளவு மொத்த நினைவகத்தில் பாதியைத் தாண்ட முடியாது. கர்னல் இயல்பாகக் குறிவைப்பது ஐந்தில் இரண்டு பங்கு. 16 ஜிபி ராம் கொண்ட கணினியில் அது ஏறத்தாழ 6.4 ஜிபி. ஆகவே ஸ்வாப் 8 ஜிபி இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் பக்கங்கள் பாதிக்கு மேல் போகும்போது, மிஞ்சியவற்றையும் கர்னல் முன்கூட்டியே ஸ்வாப்புக்குத் தள்ளியாக வேண்டும். அவற்றுக்கும் பிரதிக்கும் சேர்த்து இடம் வேண்டும். ராம் அளவுக்கு ஸ்வாப் வைப்பதே கவலையற்ற வழி. இன்றைய நிறுவிகள் பல தாமாக ஒதுக்கும் ஸ்வாப் இதற்குப் போதாது. நிறுவும்போதே கையால் அளவைக் கொடுத்துவிடுவது நல்லது.

ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகம் 2020-ல் வெளியிட்ட 33-ஆம் பதிப்பு முதல், ஸ்வாப்பை இசட்ராம் என்ற முறையில் ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிறது. மின்சாரம் போனால் அழியும் இடத்தில் ஹைபர்னேஷன் பிரதியை எழுத முடியாது. அப்படிப்பட்ட கணினிகளில் வட்டில் தனி ஸ்வாப் ஒன்றைக் கூடுதலாக உருவாக்க வேண்டும்.

மறையாக்கம் செய்யாத ஸ்வாப்

கோப்புகள் இருக்கும் பகுதியை மட்டும் மறையாக்கிவிட்டு, ஸ்வாப்பை வெறுமனே விட்டுவைத்த கணினிகள் இன்னும் உண்டு. அங்கே ஹைபர்னேட் செய்தால் நினைவகத்தின் பிரதியோடு வட்டின் சாவியும் அதே வட்டில் திறந்த எழுத்தாகப் பதிகிறது. பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்துவிட்டு ஊருக்குப் போவதற்கு இது சமம். குளிர்விக்கும் குப்பியும் வேண்டாம், வேகமும் வேண்டாம். வட்டைக் கழற்றி நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

கணினி மறுபடி விழித்த பிறகும் தீங்கு நீங்குவதில்லை. ஹைபர்னேட் செய்யும்போது கர்னல் ஸ்வாப்பின் தொடக்கத்தில் உள்ள அடையாளக் குறியை மாற்றி எழுதுகிறது. அந்தக் குறியைப் பார்த்துத்தான் அடுத்த தொடக்கத்தில் பிரதி இருப்பது தெரியும். ஒரே பிரதியிலிருந்து இரண்டு முறை விழிக்கக் கூடாது என்பதால், விழித்தவுடன் பழைய குறி திரும்ப எழுதப்படும். அழிக்கப்படுவது குறி மட்டுமே. பிரதியின் உள்ளடக்கம், வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். எஸ்.எஸ்.டி. வட்டுகளில் மேலெழுதினாலும் நிச்சயமில்லை; தேய்மானத்தைப் பரப்புவதற்காக அவை புதிய தரவை வேறு செல்களில் எழுதிவிட்டுப் பழையதைச் சில காலம் விட்டுவைக்கக்கூடும்.

இப்படி ஒருமுறை ஹைபர்னேட் செய்த கணினியில் கடவுச்சொல்லை மாற்றுவது பயன் தராது. லினக்ஸின் வழக்கமான மறையாக்க வடிவமான லக்ஸ் இரண்டடுக்குச் சாவிகள் கொண்டது. வட்டின் தரவைப் பூட்டுவது தற்செயலாக உருவாக்கிய ஒரு முதன்மைச் சாவி. கடவுச்சொல் அந்த முதன்மைச் சாவியைத்தான் பூட்டுகிறது. கடவுச்சொல்லை மாற்றினால் மேலடுக்கு மட்டும் மாறும். ஸ்வாப்பில் கசிந்தது முதன்மைச் சாவி. ஆகவே தரவு முழுவதையும் புதிய முதன்மைச் சாவியால் மறுமறையாக்கம் செய்ய வேண்டும். கிரிப்ட்செட்அப் கருவியில் அதற்கான வசதி இருக்கிறது. லக்ஸின் இரண்டாம் பதிப்பில் கணினி இயங்கும்போதே அதைச் செய்யலாம். பல மணி நேரம் பிடித்தாலும் தவிர்க்கக் கூடாத வேலை இது.

ஒரே பூட்டுக்குள் இரண்டும்

ஸ்வாப்பை மறையாக்கும் எளிய வழி ஒன்று நெடுநாளாக வழக்கத்தில் உள்ளது: ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய தற்செயல் சாவியை உருவாக்கி, அதைக் கொண்டு ஸ்வாப்பைப் புதிதாக வடிவமைப்பது. சாதாரணப் பயன்பாட்டுக்கு இது மிக நல்ல முறை. அணைத்தவுடன் சாவி ஒழிந்துவிடும். ஹைபர்னேஷனுக்கோ இது எமன். அடுத்த தொடக்கத்தில் வேறு சாவி வரும், பிரதியை யாராலும் படிக்க முடியாது. வடிவமைப்பும் புதிதாக நடந்து பிரதி ஒழிந்துபோகும். மறையாக்கிய பகுதிகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் இப்படியொரு வரி இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும்.

டெபியனில் சிறப்பாக வேலை செய்யும் அமைப்பு, வட்டின் இடத்தைப் பிரித்து ஒதுக்கும் எல்.வி.எம்.-ஐ லக்ஸுக்குள் வைப்பது. வட்டின் பெரும்பகுதியை ஒரே லக்ஸ் பெட்டகமாக மறையாக்கி, அதற்குள் எல்.வி.எம். மூலம் மூலக் கோப்பு முறைமைக்கு ஓர் இடமும் ஸ்வாப்புக்கு ஓர் இடமும் ஒதுக்குவார்கள். கடவுச்சொல்லை ஒருமுறை தட்டினால் இரண்டும் திறக்கும். டெபியன் நிறுவியின் ‘மறையாக்கிய எல்.வி.எம்.’ என்ற தேர்வு இதைத்தான் செய்கிறது. ஸ்வாப் அளவை மட்டும் கவனித்துக் கூட்ட வேண்டும்.

ஸ்வாப்புக்குத் தனி லக்ஸ் பெட்டகம் அமைத்து, அதன் சாவிக் கோப்பை மூலக் கோப்பு முறைமைக்குள் வைத்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. அது நடக்காது; அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் ஹைபர்னேஷன் அமைப்பின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஹைபர்னேட் செய்த கணத்தில் மூலக் கோப்பு முறைமை திறந்த நிலையில் இருந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எது எழுதப்படக் காத்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் உறைந்த பிரதிக்குள் இருக்கிறது. விழிப்பதற்கு முன் அந்தக் கோப்பு முறைமையை வேறொருவர் திறந்து மாற்றிவிட்டால், விழித்தெழும் கர்னல் காலாவதியான கணக்கை வைத்துக்கொண்டு வட்டில் எழுதத் தொடங்கும். தரவு சிதையும். ‘படிக்க மட்டும்’ என்று திறந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. எக்ஸ்ட்4 அப்படித் திறக்கும்போதும் தன் பதிவேட்டில் நிலுவையில் உள்ளவற்றை வட்டில் எழுதி முடிக்கும். எனவே ஒழுங்கு மாறக் கூடாது: பெட்டகம் திறக்க வேண்டும், ஸ்வாப்பில் பிரதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அதை ஏற்ற வேண்டும். இல்லை என்று உறுதியான பிறகே மூலக் கோப்பு முறைமையைத் தொடலாம்.

இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். லினக்ஸ் ஹைபர்னேஷனில் இருக்கும்போது விண்டோஸைத் தொடங்கி, இரண்டுக்கும் பொதுவான பகுதியில் எழுதுவது தரவுக்கு ஆபத்து. விண்டோஸின் விரைவுத் தொடக்கமும் உள்ளுக்குள் ஒரு வகை ஹைபர்னேஷன் என்பதால் அதை அணைத்துவைப்பது இருவழியிலும் நன்மை.

இந்த ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொடக்கத் தொகுப்பினுடையது. கர்னல் எழுந்ததும் முதலில் ஓடுவது இதுதான். கடவுச்சொல் கேட்பதும் இதுதான். எந்த ஸ்வாப்பில் பிரதியைத் தேட வேண்டும் என்பதைக் கர்னலுக்கான ‘ரெஸ்யூம்’ அளவுருவில் குறிக்க வேண்டும். டெபியனில் இதற்கெனத் தனி அமைப்புக் கோப்பு உண்டு. அதில் ஸ்வாப்பின் அடையாள எண்ணை எழுதி, தொடக்கத் தொகுப்பைப் புதுப்பித்தால் போதும். ஆர்ச் லினக்ஸின் பழைய பாணி அமைப்பில் தொடக்கத் தொகுப்பின் படிகளான கொக்கிகளின் வரிசையைக் கையால் எழுத வேண்டும்: மறையாக்கம், எல்.வி.எம்., ரெஸ்யூம், கடைசியில் கோப்பு முறைமை. வரிசை பிசகினால் கணினி பிழை எதுவும் காட்டாமல் புதிதாகத் தொடங்கிவிடும். உறைந்த வேலையெல்லாம் போய்விடும்.

தனிப் பகுதி இல்லாமல் ஸ்வாப் கோப்பைப் பயன்படுத்துவோரும் உண்டு. மறையாக்கிய பெட்டகத்துக்குள் கோப்பு இருக்கும்வரை பாதுகாப்பில் குறைவில்லை. கோப்பு முறைமையைத் திறக்காமலே கோப்பைப் படிக்க வேண்டியிருப்பதால், அது வட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணையும் கர்னலுக்குத் தர வேண்டும். பிட்டிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் அந்த எண்ணைப் பொதுவான கருவியால் எடுத்தால் தவறான விடை வரும். அதற்குரிய கருவியையே பயன்படுத்த வேண்டும். கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் எண்ணும் மாறும்.

செக்யூர் பூட்டோடு வரும் முரண்

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பல கணினிகள் ஹைபர்னேட் செய்ய மறுக்கின்றன. கையொப்பமிட்ட கர்னலை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கப்பட்ட கணினியில் டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் கர்னல்கள் ‘லாக்டவுன்’ நிலைக்குச் செல்கின்றன. 2019-ல் 5.4 கர்னலில் சேர்ந்த இந்த ஏற்பாடு, நிர்வாகியே முயன்றாலும் இயங்கும் கர்னலை மாற்ற முடியாதபடி தடுக்கிறது. ஹைபர்னேஷன் பிரதி என்பது ஒரு முழுக் கர்னலின் நினைவகம். அதற்குக் கையொப்பம் கிடையாது. ஒருவர் திருத்திய பிரதியை ஸ்வாப்பில் எழுதி வைத்தால், அடுத்த தொடக்கத்தில் அது சரிபார்ப்பு எதுவும் இல்லாமல் கர்னலாகவே எழுந்துவிடும். அதனால் லாக்டவுன் ஹைபர்னேஷனையே மூடிவிடுகிறது. ஸ்வாப் மறையாக்கப்பட்டிருக்கிறதா என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. மறையாக்கம் படிப்பதைத் தடுக்கும். மாற்றப்பட்டதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை.

செக்யூர் பூட்டை அணைத்தால் ஹைபர்னேஷன் கிடைக்கும். அதற்கும் விலை உண்டு. கர்னலும் தொடக்கத் தொகுப்பும் இருக்கும் பூட் பகுதி பெரும்பாலும் மறையாக்கப்படாதது. உரிமையாளர் இல்லாத நேரத்தில் ஒருவர் அதை மாற்றி, கடவுச்சொல்லைப் பதிவு செய்யும் தொகுப்பை வைத்துவிட்டுப் போகலாம். ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா 2009-ல் ட்ரூகிரிப்ட்டுக்கு எதிராக இத்தகைய தாக்குதலைச் செய்துகாட்டினார். விடுதி அறைக்கு வந்துபோகும் பணியாளர்கூடச் செய்துவிடலாம் என்பதால் அதற்கு ‘ஈவில் மெய்ட்’ என்ற பெயர் நிலைத்தது.

நடுவழி ஒன்று இருக்கிறது. லாக்டவுனைச் செக்யூர் பூட்டோடு தானாக இணைப்பது விநியோகங்கள் தாமே சேர்த்த திருத்தம். மூலக் கர்னலில் அது இல்லை. ஆர்ச் போன்ற விநியோகங்களில் சொந்தச் சாவிகளை ஃபர்ம்வேரில் பதித்து, கர்னலையும் தொடக்கத் தொகுப்பையும் ஒரே கோப்பாக்கிக் கையொப்பமிட்டால், செக்யூர் பூட்டும் ஹைபர்னேஷனும் சேர்ந்தே இயங்கும். பராமரிக்கக் கூடுதல் உழைப்பு வேண்டும். சாதாரணப் பயனருக்கு நேரக்கூடியது பெரும்பாலும் திருட்டும் தொலைப்பும்தான். அவருக்கு மறையாக்கிய ஹைபர்னேஷனே அதிகம் உதவும், செக்யூர் பூட்டை அணைத்தாலும் இழப்பு சிறிது. தன் கணினியை யாரோ குறிவைத்துத் தொட்டுத் திருப்பி வைப்பார்கள் என்று அஞ்ச வேண்டிய பத்திரிகையாளர், வழக்கறிஞர் போன்றோர் செக்யூர் பூட்டை விடாமல், ஹைபர்னேஷனுக்குப் பதிலாகக் கணினியை முழுவதும் அணைப்பதே மேல்.

சாவிகளைப் பாதுகாத்து வைக்கும் டி.பி.எம். சில்லு வழியே கடவுச்சொல் இல்லாமல் பெட்டகம் தானாகத் திறக்கும்படி அமைப்பது இப்போது எளிதாகிவிட்டது. ஹைபர்னேஷனின் பயனை அது கெடுக்கும். திருடியவர் பொத்தானை அழுத்தினாலே சாவி ராமுக்கு வந்துவிடும், பிரதியும் எழுந்துவிடும். டி.பி.எம்.மைப் பயன்படுத்துவதானால் அதோடு ஒரு பின் எண்ணும் கேட்கும்படி வைக்க வேண்டும்.

இயக்கிப் பார்ப்பதும் பழக்கப்படுத்துவதும்

முதல் சோதனைக்கு முன் திறந்துள்ள வேலைகளைச் சேமித்துவிட வேண்டும். நிரல்களை உறைய வைப்பது, சாதனங்களை நிறுத்துவது என ஒவ்வொரு படியையும் தனித்தனியே சோதிக்கும் வசதி கர்னலில் உண்டு. கணினி பாதியில் தொங்கினால் எந்தப் படியில் என்று அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். குற்றவாளி பெரும்பாலும் வரைகலை அட்டையின் இயக்கியாகவோ வைஃபை இயக்கியாகவோ இருக்கும். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட்’ கட்டளையைக் கொடுக்கலாம். மறுபடி இயக்கும்போது லக்ஸ் கடவுச்சொல் கேட்கப்பட வேண்டும். கேட்காமல் வேலைகள் திரும்பினால், பிரதி மறையாக்கப்படாத இடத்தில் இருக்கிறது என்றோ சாவி எங்கோ தானாகக் கிடைக்கிறது என்றோ பொருள். விழித்த பின் திரைப்பூட்டும் வர வேண்டும்.

மூடியைச் சாத்தும்போது என்ன நடக்க வேண்டும் என்பதைச் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்பில் மாற்றலாம். முதலில் உறங்கி, குறித்த நேரத்துக்குப் பின் தானாக ஹைபர்னேட் ஆகும் கலப்பு முறை வசதியானது. எஸ்3 இல்லாத புதிய மடிக்கணினிகளில் உறக்கத்தின்போதும் பேட்டரி கரைவதால் பலர் இதை விரும்புகிறார்கள். உறங்கும் அந்த நேரம் முழுவதும் சாவி ராமில் இருக்கும் என்பதால் இடைவெளியைக் குறைவாக வைக்க வேண்டும். வெளியே எடுத்துச் செல்லும்போது நேரடியாக ஹைபர்னேட் செய்வதே சரி. பிரதியை எழுதிவிட்டு உறங்கும் ‘ஹைப்ரிட்’ முறை பேட்டரி தீர்ந்தாலும் வேலையைக் காக்கும், சாவியைக் காக்காது. ஹைபர்னேஷன் ஒத்துவராத கணினிகளுக்கு, உறங்கும் முன் சாவியை நினைவகத்திலிருந்து துடைத்து, விழித்ததும் கடவுச்சொல் கேட்கும் சிறு தொகுப்பு ஒன்று டெபியனில் 11-ஆம் பதிப்பு முதல் கிடைக்கிறது.

கடவுச்சொல் வலுவற்றதாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. லக்ஸின் இரண்டாம் பதிப்பு பயன்படுத்தும் ஆர்கான்2 முறை, ஒவ்வொரு ஊகத்துக்கும் அதிக நினைவகமும் நேரமும் செலவாகும்படி செய்து தாக்குபவரைத் தாமதப்படுத்துகிறது. அகராதிச் சொல்லையோ பிறந்த தேதியையோ அதனாலும் காப்பாற்ற முடியாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறேழு சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்து கோத்தால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம்.

லக்ஸ் பெட்டகத்தின் தலைப்பகுதியில்தான் பூட்டிய முதன்மைச் சாவி இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் அது வழக்கமாக 16 எம்பி இடம் கொள்ளும். அந்தச் சிறு பகுதி கெட்டுவிட்டால், கடவுச்சொல் தெரிந்தவராலும் தரவை மீட்க முடியாது. ஸ்வாப் அளவை மாற்றுவது, பகுதிகளைத் திருத்துவது போன்ற வேலைகளைத் தொடங்கும் முன்பே அதன் பிரதியைக் கிரிப்ட்செட்அப் கொண்டு எடுத்து, வேறொரு ஊடகத்தில் வைக்க வேண்டும். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினால் அந்தப் பிரதியை அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய பிரதி கையில் இருப்பவருக்குப் பழைய கடவுச்சொல்லே வட்டைத் திறந்துவிடும்.